லண்டனில் ஒரு சனி ஞாயிறு: நம் பிள்ளைகளின் உரிமை எது, ஆபத்து எது, பரிகாரம் எது?

இலங்கையின் கிழக்கில் உள்ள நம் ஈச்சிலம்பற்று, 2004 சுனாமியில் கடல் ஏறிய கரை. 2006இல் யுத்தம் சனத்தை ஒட்டுமொத்தமாகக் கிளப்பி அகதி முகாம்களுக்கு அனுப்பிய பிரதேசமும் இதுதான். ஈச்சிலம்பற்றிலிருந்து ஒரு பிள்ளை வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறது என்றால், அதன் பின்னால் அடகு வைத்த நகையும் விற்ற மாடும் வட்டிக்கு எடுத்த காசும் இருக்கும். பிரித்தானியாவுக்குப் போகும் பிள்ளைக்கு இடம் கிடைப்பது பெரும்பாலும் லண்டனுக்கு வெளியே, ஏதாவது ஒரு சிறிய நகரத்தில். குளிரும் பாடமும் பழகியதும் ஒரு சனிக்கிழமை லண்டன் பார்க்கப் புறப்படும்.

போகத்தான் வேண்டும். அங்குள்ள பிரித்தானிய அருங்காட்சியகத்தில் பௌத்த தெய்வமான தாராவின் சிலை ஒன்று நிற்கிறது. வெண்கலத்தில் வார்த்துப் பொன்முலாம் பூசியது. ஏறத்தாழ 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கிழக்குக் கரையில் கிடைத்தது என்பது அருங்காட்சியகத்தின் பதிவு. இலங்கையின் ஆளுநராக இருந்த றொபேட் பிரவுன்றிக் 1830இல் அதை அங்கே கொடுத்தார். நம் ஊர் இருப்பதும் அந்த இடைப்பட்ட கரையில்தான். நம் மண்ணில் கிடைத்த ஒன்றை நம் பிள்ளை நேரில் நின்று பார்ப்பது நல்ல விஷயம். அங்கே நிரந்தரக் கூடங்களைப் பார்க்கக் கட்டணமே இல்லை. யாராவது வெளியில் நின்று உள்ளே போக டிக்கெட் விற்றால் அவர் ஏமாற்றுக்காரர்.

இந்தக் கட்டுரை பயமுறுத்துவதற்காக எழுதப்படவில்லை. இப்படியான பயணங்களில் வரும் சிக்கல்கள் பெரும்பாலும் சின்னவை. வீட்டுக்குத் தெரிந்தால் ஏசுவார்கள், விசா போய்விடும் என்று பயந்து பிள்ளை மறைக்கும்போதுதான் அவை பெரிதாகின்றன. அநேகமான பரிகாரங்களுக்குக் காலக்கெடு உண்டு. மறைக்கும் ஒவ்வொரு நாளும் அதில் கழிகிறது. கீழே உள்ள தொகைகளும் விதிகளும் காலத்துக்குக் காலம் மாறுபவை. புறப்படுமுன் பிரித்தானிய அரசின் இணையத்தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கையில் என்ன இருக்க வேண்டும்?

பிரித்தானியாவில் தெருவில் நடக்கக் கடவுச்சீட்டையோ அடையாள அட்டையையோ கையில் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. முன்பு கொடுத்த வதிவிட அட்டைகளின் காலம் 2024 டிசம்பர் 31உடன் முடிந்துவிட்டது. இப்போது விசா இணையக் கணக்கில்தான் இருக்கிறது. ஆகவே கடவுச்சீட்டை அறையில் பூட்டி வைத்துவிட்டுப் போகலாம். தங்குமிடத்தில் படத்துடன் கூடிய அடையாளம் கேட்பார்கள் என்றால், பழகுநர் சாரதி அனுமதிப்பத்திரம் ஒன்றை முன்கூட்டியே எடுத்துவைப்பது நல்லது. கடவுச்சீட்டைக் கொண்டுபோக நேர்ந்தாலும் ஈடாக அதை யாரிடமும் விட்டுவைக்கக் கூடாது.

இணையத்திலுள்ள விசாக் கணக்கைத் திறக்கப் பாதுகாப்பு எண் ஒன்று போனுக்கோ மின்னஞ்சலுக்கோ வரும். போன் பறிபோனால் விசாவைக் காட்டவும் வழியில்லாமல் போகும். மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மனதில் வைத்திருங்கள். வீட்டு இலக்கம், ஒரு நண்பரின் இலக்கம், பல்கலைக்கழகத்தின் அவசர இலக்கம் மூன்றையும் ஒரு கடதாசியில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள்.

ரயில் டிக்கெட்: சிறிய பிழை, பெரிய விலை

நம் பிள்ளைகள் அதிகம் மாட்டிக்கொள்ளக்கூடிய இடம் ரயில். 16 முதல் 25 வயது வரையானவர்களுக்கு ஒரு சலுகை அட்டை உண்டு. அது இருந்தால் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். ஆனால் சலுகை விலையில் டிக்கெட் வாங்கிவிட்டு அட்டையைக் காட்ட முடியாவிட்டால் பரிசோதகரின் கண்ணுக்கு அது செல்லாத டிக்கெட். முன்பதிவில் மலிவாக வாங்கிய டிக்கெட் குறித்த அந்த ரயிலுக்கு மட்டுமே செல்லும். முந்திய ரயில் காலியாக நிற்கிறதே என்று ஏறினால் டிக்கெட் இல்லாதவர் என்ற கணக்குத்தான்.

லண்டனுக்குள் நிலத்தடி ரயிலில் வங்கி அட்டையைத் தட்டி உள்ளே போகிறோம், தட்டி வெளியே வருகிறோம். உள்ளே போகும்போது அட்டையையும், வெளியே வரும்போது அதே அட்டை ஏற்றிய போனையும் தட்டினால் இயந்திரம் அவற்றை இரண்டு பயணிகளாக எடுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் உச்சக் கட்டணம் வெட்டப்படும். நாள் முழுக்க ஒன்றையே தட்டுங்கள். தவறிவிட்டால் லண்டன் போக்குவரத்துச் சபையின் இணையத்தளத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்.

டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் லண்டன் நிலத்தடி ரயிலில் தண்டப்பணம் 100 பவுண். 21 நாளுக்குள் கட்டினால் 50. தண்டம் பிழை என்று கருதினால் அதே 21 நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம். தண்டப்பணம் என்பது குற்றத்தீர்ப்பு அல்ல. கட்டினால் விஷயம் அங்கேயே முடிகிறது. பயந்துபோய்ப் பொய்ப்பெயரும் பொய்முகவரியும் கொடுத்தால்தான் உண்மையான வில்லங்கம் தொடங்கும். டிக்கெட் இல்லாதவரிடம் பெயரும் முகவரியும் கேட்கப் பரிசோதகருக்கு அதிகாரம் உண்டு. பொய் சொல்வது குற்றம். பிறகு வரும் கடிதத்தைத் திறக்காமல் மேசையில் போட்டுவிட்டால் நாம் இல்லாமலே நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லலாம். அந்தத் தீர்ப்பை அடுத்த விசா விண்ணப்பத்தில் எழுதியே ஆக வேண்டும். கடிதம் வந்த அன்றே பல்கலைக்கழக மாணவர் சங்கத்தின் ஆலோசனைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். அங்கே உதவி இலவசம்.

ரயில் தாமதமானால் உங்களுக்கும் உரிமை உண்டு. பல கம்பனிகள் 15 நிமிடத் தாமதத்துக்கே, மற்றவை 30 நிமிடத் தாமதத்துக்கு, கட்டணத்தில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கின்றன. பொதுவாக 28 நாளுக்குள் கேட்க வேண்டும். டிக்கெட்டைக் கிழித்துப் போடாதீர்கள்.

தெருவில்

வழி பார்க்கப் போனை உயர்த்திப் பிடித்தபடி நடைபாதை ஓரத்தில் நிற்பீர்கள். பின்னாலிருந்து மின்சார சைக்கிளில் வருபவன் நிறுத்தாமலே பறித்துக்கொண்டு போய்விடுவான். வழி பார்ப்பதென்றால் கடைச் சுவரோடு ஒட்டி நின்று பாருங்கள். பறிபோனால் இன்னொருவரின் போனில் முதலில் வங்கியை அழையுங்கள். 159 என்ற இலக்கம் பெரும்பாலான வங்கிகளுக்கு நேரடியாக இணைக்கும். அடுத்து சிம்மை நிறுத்துங்கள். பிறகு பொலிஸில் முறைப்பாடு. உயிருக்கு ஆபத்து அல்லது குற்றம் கண்முன் நடக்கிறது என்றால் 999, மற்றவற்றுக்கு 101. ரயிலில் யாராவது தொல்லை கொடுத்தால் 61016க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் போக்குவரத்துப் பொலிஸாருக்குப் போகும். பெண் பிள்ளைகள் இந்த இலக்கத்தைப் போனில் பதிந்துவைக்க வேண்டும்.

வெஸ்ட்மினிஸ்டர் பாலத்தில் மூன்று கிண்ணத்தைக் கவிழ்த்துப் பந்து எதற்குள் என்று கேட்கும் சூதாட்டம் நடக்கும். வெல்வதுபோல் காட்டுபவர்கள் அவர்களுடைய ஆட்களே, நிற்காமல் போய்விடுங்கள். விளக்கும் பாட்டுமாக வரும் ரிக்‌ஷாக்களில் விலை பேசாமல் ஏற வேண்டாம். அவை கேட்ட அநியாய விலைக்காகவே 2024இல் தனிச் சட்டம் வந்தது. தெருவில் கைகாட்டி மறிக்கக்கூடியது கறுப்பு டாக்ஸி மட்டும். மற்ற வாடகைக் கார்கள் முன்பதிவு செய்தவையாக இருக்க வேண்டும். இரவில் தானாக வந்து "டாக்ஸி வேணுமா" என்று கேட்பவரின் காரில் ஏறக் கூடாது.

தங்குமிடம் என்று படம் காட்டி வங்கிக் கணக்குக்குக் காசு போடச் சொன்னால் சந்தேகப்படுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு இருந்துவிடாதீர்கள். 2024 அக்டோபர் 7 முதல், பிரித்தானியாவுக்குள் வங்கிக்கு வங்கி அனுப்பி ஏமாந்த பணத்தை 85,000 பவுண் வரை வங்கி திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. 100 பவுண் வரை கழித்துக்கொள்ளலாம். அட்டையில் கட்டியிருந்தால் அந்த அட்டை தந்த வங்கியிடம் பணமீட்பு கேளுங்கள்.

சுகமில்லாமல் போனால் 999, அவசரமில்லாத ஆலோசனைக்கு 111. விசாவுடன் சுகாதாரக் கட்டணமும் கட்டித்தான் போயிருக்கிறீர்கள். அம்புலன்சுக்கும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கும் பில் வரும் என்று பயந்து அறையில் படுத்துக் கிடக்க வேண்டாம்.

பொலிஸ் மறித்தால்

யுத்தகாலச் சோதனைச்சாவடிகளைப் பார்த்து வளர்ந்த குடும்பங்கள் நாம். சீருடையைக் கண்டால் ஓடவோ கெஞ்சவோ தோன்றும். இரண்டும் வேண்டாம். லண்டனில் பொலிஸார் உடலைச் சோதிப்பதென்றால் பொதுவாக நியாயமான சந்தேகம் இருக்க வேண்டும். என்ன தேடுகிறார், ஏன், எந்தச் சட்டத்தின் கீழ் என்று சொல்ல வேண்டும். தன் பெயரையும் நிலையத்தையும் சொல்ல வேண்டும். சோதனைப் பதிவின் பிரதியைக் கேட்பது உங்கள் உரிமை. சோதிக்கப்படுகிறோம் என்ற ஒரே காரணத்துக்காகப் பெயர் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் கையைத் தட்டிவிடுவதும் வாக்குவாதப்படுவதும் புதிய குற்றத்தை உண்டாக்கும். குறை இருந்தால் பிறகு எழுத்தில் முறையிடலாம்.

கைது செய்யப்பட்டால் நான்கு உரிமைகளை மறக்கக் கூடாது. இலவசச் சட்டத்தரணி, தமிழ் மொழிபெயர்ப்பாளர், ஒருவருக்கு அறிவித்தல், இலங்கை உயர்ஸ்தானிகராலயத்துக்கு அறிவித்தல். கடைசியாகச் சொன்னது 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் பிரிவு தரும் உரிமை. நீங்கள் கேட்டால்தான் அறிவிப்பார்கள். ஆங்கிலம் தெரியும் என்று காட்டிக்கொள்ள மொழிபெயர்ப்பாளரை மறுக்காதீர்கள். சட்டத்தரணி வரும்வரை கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் காத்திருக்கலாம்.

கடவுச்சீட்டு தொலைந்தால் வரிசை இதுதான்: முதலில் பொலிஸ் முறைப்பாடும் அதன் இலக்கமும். பிறகு லண்டனில் ஹைட் பார்க் கார்டன்ஸில் உள்ள நம் உயர்ஸ்தானிகராலயம். புதிய கடவுச்சீட்டு வந்ததும் விசாக் கணக்கில் அதன் இலக்கத்தை மாற்ற வேண்டும். இந்தக் கடைசி வேலையை மறந்தால் ஊருக்கு வரும்போது விமான நிலையத்தில் சிக்கல் வரும்.

"சும்மாதானே நிக்கிறீங்க தம்பி"

லண்டனில் ஈஸ்ட்ஹாமிலும் வெம்ப்லியிலும் ரூட்டிங்கிலும் நம் சனமும் நம் கடைகளும் நிறைய. தெரிந்தவர் வீட்டில் தங்கினால், "சும்மாதானே நிக்கிறீங்க தம்பி, ரெண்டு நாள் கடையில நில்லுங்க, கையில காசு தாறன்" என்று அழைப்பு வரும். சுற்றிப் பார்க்கப் போன பயணம் அங்கே வேலையாக மாறிவிடும். பட்டப்படிப்பு மாணவர் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். வாரம் திங்களில் தொடங்கி ஞாயிறில் முடியும். இந்த வாரம் 30, அடுத்த வாரம் 10 என்று சமன் செய்ய முடியாது. வெள்ளிவரை 16 மணித்தியாலம் செய்தவர் சனிக்கிழமை கடையில் எட்டு மணித்தியாலம் நின்றால் விதி மீறியாயிற்று. சுயதொழில் முற்றாகத் தடை. இன்னொருவரின் கணக்கில் சாப்பாடு விநியோகம் செய்வதும் அதற்குள் அடங்கும்.

மீறினால் விசா ரத்தாகலாம், வழக்கும் வரலாம். முதலாளிக்கும் முதல் தடவையே ஓர் ஆளுக்கு 45,000 பவுண் வரை தண்டம் உண்டு. கையில் காசு கொடுப்பவர் பெரும்பாலும் சட்டச் சம்பளத்தையும் கொடுப்பதில்லை. 2025 ஏப்ரலில் 21 வயதும் அதற்கு மேலும் ஆனவருக்கான குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 12.21 பவுணாக இருந்தது. அனுமதித்த மணித்தியாலத்துக்குள் செய்த வேலைக்குச் சம்பளம் தராவிட்டால் ஏகாஸ் என்ற அரச அமைப்பிடம் 0300 123 1100 என்ற இலக்கத்தில் இலவச ஆலோசனை பெறலாம்.

பாரிஸ், டப்ளின்

லண்டனிலிருந்து பாரிஸுக்கு ரயிலில் இரண்டேகால் மணித்தியாலம்தான். ஆனால் பிரித்தானிய மாணவர் விசா பிரான்சில் செல்லாது. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா தனியாக எடுக்க வேண்டும். பிரித்தானியாவுக்குள் இருக்கும் பெல்ஃபாஸ்டிலிருந்து அயர்லாந்தின் டப்ளினுக்குப் பஸ் போகிறது, எல்லையில் வழக்கமான சோதனையும் இல்லை. என்றாலும் அயர்லாந்து வேறு நாடு. விசா இல்லாமல் போவது சட்டமீறல். நண்பர்கள் போகிறார்கள் என்று ஏறிவிடாதீர்கள். அவர்களுடைய கடவுச்சீட்டு வேறாக இருக்கலாம்.

ஊரில் இருக்கும் நாம் என்ன செய்வது?

கோடையில் லண்டனில் சனி இரவு எட்டு மணி என்றால் இங்கே ஞாயிறு அதிகாலை பன்னிரண்டரை. அந்த நேரம் பார்த்து, "உங்கட மகனைப் பொலிஸ் பிடிச்சிட்டுது, உடனே உண்டியலில காசு போடுங்கோ" என்று ஒரு குரல் வரலாம். காசு போடாதீர்கள். லண்டன் பொலிஸ் உண்டியலில் காசு கேட்காது, பிணைக்காக வீட்டுக்குப் போன் எடுத்துப் பேரம் பேசாது. பிள்ளையின் இலக்கத்துக்கும் நண்பரின் இலக்கத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நீங்களே எடுங்கள். கடவுச்சீட்டின் பிரதி, பல்கலைக்கழக அனுமதிக் கடிதம், தங்கும் முகவரி மூன்றும் வீட்டில் ஒரு கோப்பில் இருக்க வேண்டும். தொடர்பே கிடைக்காவிட்டால் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவை நாடலாம். அதற்குக் கொழும்பு வரை போகத் தேவையில்லை. திருகோணமலையில் அதன் பிராந்திய அலுவலகம் இருக்கிறது.

இன்னொரு பொறுப்பும் நமக்கு உண்டு. பிள்ளை தன் தவறைச் சொல்லும்போது முதல் வார்த்தை ஏச்சாக இருக்கக் கூடாது. தண்டப்பணக் கடிதத்தைப் பற்றி மூன்றாம் நாள் சொன்னால் 50 பவுணோடு முடியும். மூன்றாம் மாதம் சொன்னால் நீதிமன்றத்தில் நிற்கும். பள்ளிக்கூடங்களும் பிரதேச செயலகமும் கோயில் சபைகளும் சேர்ந்து, வெளிநாடு போகும் பிள்ளைகளையும் பெற்றோரையும் புறப்படுமுன் ஒரு மாலை கூப்பிட்டு இவற்றைச் சொல்லிக் கொடுக்கலாம். செலவு ஒரு தேநீர்தான். நகையை அடகு வைத்து அனுப்பும் பிள்ளைக்கு விசாவோடு சேர்த்து இந்த அறிவையும் கொடுத்தனுப்புவது ஊரின் கடமை. நடந்தது எதுவானாலும் அன்றைக்கே சொல்லலாம் என்ற நம்பிக்கையை ஒவ்வொரு வீடும் கொடுக்க வேண்டும்.