காதைத் திறந்த காலேஜ்!

"அம்மா, நான் காலேஜுல சேர்ந்திருக்கேன். சத்தப் பதிவு படிக்கறேன்" என்று போனில் சொன்னேன்.

"பத்திரப் பதிவா? எந்தப் பக்கம் காடு வாங்கறீங்க கண்ணு?" என்றாள் அம்மா.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. என்னவரிடம் சொல்ல, அவரும் சிரித்தார். அம்மாவின் காதை வைத்துச் சிரிப்பது எங்கள் குடும்பத்தில் வெகுநாள் வழக்கம். அந்தச் சிரிப்பு எனக்கு எப்படி நின்று போயிற்று என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் கலிபோர்னியாவுக்குக் குடிவந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. பிள்ளைகள் இருவரும் வெளியூரில் படிக்கப் போனபின் வீடு 'ஹோ' என்றிருந்தது. இங்கே 'கம்யூனிட்டி காலேஜ்' என்று ஊருக்கு ஊர் உண்டு. இரண்டு வருஷப் படிப்புக்கான அரசுக் கல்லூரிகள். 18 வயது நிரம்பிய யாரும் சேரலாம். மார்க்கு கேட்பதில்லை, வயதும் கேட்பதில்லை. 2023-ல் நான் சேர்ந்தபோது இந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர் கட்டணம். மூன்று யூனிட் பாடம் என்றால் 138 டாலர். நல்லதாக ஒரு புடவை எடுத்தால் ஆகிற செலவு!

"48 வயசுல இதென்ன ஆசை அம்மிணி?" என்று கேட்டார் என்னவர். பதில் சொல்லத் தெரியாமல் மல்டிமீடியா டிசைன் ஒன்றும், ஆடியோ புரொடக்ஷன் ஒன்றுமாக இரண்டு பாடம் எடுத்தேன்.

டிசைன் வகுப்பு கோலம் போட்ட கைக்குச் சுலபமாகவே வந்தது. படத்தையும் எழுத்தையும் அசைய வைக்கும் வித்தைதான் கொஞ்சம் படுத்தியது. ஆடியோவோ வேறு உலகம். மைக்கை வாயருகே கொண்டுபோனால் குரல் கனத்து ஒலிக்கும். ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் இயல்பாக இருக்கும். வெறும் சுவர் உள்ள அறையில் பேசினால் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்து குழப்பும். வீட்டில் எங்கே பதிவு செய்வது என்று தேடியபோது, புடவைகள் தொங்குகிற துணி அறைதான் கைகொடுத்தது! கனத்த துணிகள் எதிரொலியைக் குடித்துவிடுகின்றன. என் கல்யாணப் பட்டுக்கு இருபத்தைந்து வருஷத்துக்கப்புறம் ஒரு வேலை கிடைத்தது.

பிரிட்ஜ் இரைச்சலும் மைக்கில் விழும். அதை அணைத்துவிட்டுப் பதிவு செய்தால், மறுபடி போட மறந்து பால் கெட்டுப் போகும். அதற்கு ஒரு யுக்தி சொன்னார் எங்கள் வாத்தியார்: கார் சாவியை பிரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டும். சாவி இல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்ப முடியாதல்லவா?

மூன்றாம் வாரம் வந்தது வினை. ஒரு ஒலியைத் தாழ்ந்த சுருதியிலிருந்து மேலே ஏற்றிக்கொண்டே போனார் வாத்தியார். கேட்கிறவரை கையைத் தூக்கியிருக்க வேண்டும். மனிதக் காது வினாடிக்கு சுமார் 20 அதிர்விலிருந்து 20,000 அதிர்வு வரை கேட்கும் என்பார்கள்; வயதாக ஆக மேல்கோடி தேய்ந்துகொண்டே வரும். 11,000-ல் என் கை இறங்கிவிட்டது. சுற்றிலும் இருபது வயதுப் பிள்ளைகள், தூக்கிய கை தூக்கியபடி! அவர்கள் எதையோ கேட்கிறார்கள், எனக்கோ அறை நிசப்தமாக இருக்கிறது. வெட்கமாகப் போய்விட்டது. பாடத்தை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"உங்கள் வயதுக்கு அது சகஜம். எதற்கும் ஒரு முறை காதைப் பரிசோதித்துக் கொள்ளுங்கள்" என்றார் வாத்தியார்.

பரிசோதனையில் வந்த படத்தில், 4,000 அதிர்வு இருக்கும் இடத்தில் கோடு பள்ளமாக இறங்கியிருந்தது. "சின்ன வயதில் இயந்திரங்கள் பக்கத்தில் இருந்தீர்களா?" என்று கேட்டார் பரிசோதித்த பெண். வயதால் வரும் தேய்மானம் மேல்கோடியில் தொடங்குமாம். பேரிரைச்சலோ முதலில் கடிப்பது 4,000-ஐச் சுற்றித்தானாம்.

இயந்திரமா! எங்கள் ஊர் சோமனூர்ப் பக்கம். வீட்டை ஒட்டியே விசைத்தறிப் பட்டறை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் தார் சுற்றுவேன். அம்மா நாலு தறி ஓட்டினாள், இருபத்தைந்து வருஷம். நாடா அடித்துத் திரும்புகிற சத்தத்தில் பேச்சு எடுபடாது; பட்டறைக்குள் எல்லோரும் கைஜாடைதான்.

85 டெசிபல் இரைச்சலில் எட்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்கத் தொழில் நல ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கு. அதற்குமேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 88 என்றால் நாலு மணி, 91 என்றால் இரண்டு, 100-க்குக் கால் மணி நேரம்தான். உட்காதில் ஒலியை வாங்கும் நுண்ணிய மயிரணுக்கள் செத்தால் திரும்ப முளைப்பதில்லை.

அந்த டிசம்பரில் ஊருக்குப் போனேன். தம்பி நடத்தும் பட்டறையில் மீட்டரை வைத்தேன். 96 காட்டியது. ஒலிப்பதிவுக் கருவியில் தறிச் சத்தத்தைப் பிடித்தேன். அம்மாவைக் கோவையில் காது டாக்டரிடம் அழைத்துப் போனேன். அம்மாவின் படத்தில் இருந்தது பள்ளம் அல்ல, மலைச்சரிவு. தாழ்ந்த ஒலிகள் ஓரளவு இருந்தன. 2,000-க்கு மேல் சரசரவென்று இறக்கம். ச, ஸ, க, த போன்ற எழுத்துகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் கூர்மை அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் 'சத்தம்' என்றது 'பத்திரம்' என்று விழுந்திருக்கிறது. நாம் சத்தம் போட்டுப் பேசினால் உயிரெழுத்துதான் பெரிதாகும். தேய்ந்த எழுத்து தெளிவாவதில்லை. "காதுல விழுது கண்ணு, வெளங்கத்தான் மாட்டேங்குது" என்று அம்மா எத்தனை வருஷமாகச் சொல்லியிருக்கிறாள்! நாங்கள் அதையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தோமே, கேட்டீர்களா அநியாயத்தை!

திரும்பி வந்து, வகுப்புக்கான கடைசி வேலையாக நாலு நிமிஷப் படம் ஒன்று செய்தேன். அம்மாவின் பரிசோதனை எண்களை அப்படியே வைத்து, என் குரலில் அந்தந்த அதிர்வுகளை கம்ப்யூட்டரில் குறைத்தேன். செவிக் குறைவை அச்சாக அப்படிக் காட்டிவிட முடியாது, கிட்டத்தட்டத்தான். திரையில் என் பேச்சு எழுத்தாக ஓடும். அம்மாவுக்கு விளங்காத எழுத்துகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து விழும். அடியில் தறி ஓடிக்கொண்டே இருக்கும்.

அம்மா இப்போது காதுக்கருவி போடுகிறாள். முதல் வாரம் ஒரே புகார்: பாத்திரம் உருட்டுகிறார்கள், சேலை சரசரக்கிறது, காக்காய் விடாமல் கத்துகிறது என்று. பிறகு பழகிக்கொண்டாள். பட்டறைச் சந்தடியில் இன்னமும் கஷ்டம்தான்.

படத்தைத் தம்பிக்கும் அனுப்பினேன். அன்றிரவே போன் செய்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னணியில் தறி ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, காதுல வெச்சுக்கறதுக்குப் பஞ்சாட்டம் ஒண்ணு இருக்குதுன்னியே, அது கோயமுத்தூர்ல எங்க கெடைக்கும்? பட்டறைல ஆறு பேர் இருக்கறாங்க" என்றான்.