ஜே, கே, பி, ஓ: பழைய கோப்புக்குள் இருக்கும் தமிழ்

காஞ்சிக்கு மேற்கே உள்ள திருப்புட்குழியில்தான் இளம் ராமானுஜர் யாதவப் பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றார் என்கிறது வைணவ ஆசாரியர்களின் வரலாறு கூறும் குருபரம்பரை. பின்னாளில் பிரம்ம சூத்திரத்தின் பழைய உரையான போதாயன விருத்தியைத் தேடிக் காஷ்மீரம் போனார். கிடைத்த சுவடியைத் திரும்பும் வழியில் பறிகொடுத்தார். ஆனால் உடன் வந்த சீடர் கூரத்தாழ்வான் இரவுதோறும் அதைப் படித்து நெஞ்சில் ஏற்றியிருந்தார். சுவடி போயிற்று, நூல் போகவில்லை.

கூரத்தாழ்வான் வரிகளோடு பொருளையும் சேர்த்தல்லவா வைத்திருந்தார்! நம் கணினி 'பேக்கப்' வரிகளை மட்டுமே வைத்திருக்கும்.

திருப்புட்குழிப் பெரியவர் ஒருவர் 2000 வாக்கில் விஜயராகவப் பெருமாள் கோயில் தலவரலாற்றைத் தட்டச்சு செய்து சிடியில் போட்டு வைத்தார் என்று வைத்துக்கொள்வோம். இன்று பேரன் திறக்கிறான். 'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கின்றன. கோப்பு கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடப் போகிறான். அது கெடவே இல்லை.

கணினிக்குத் தெரிந்தது எண் மட்டும். பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்குரிய எண்களில் தமிழ் வடிவங்களை ஏற்றி வைத்தன: ஜே-யில் த, கே-யில் ம, பி-யில் இகரக் குறி, ஓ-வில் ழ, அரைப்புள்ளியில் மெய்யின் புள்ளி. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலம்தான் தெரியும். ஆளுக்கொரு முறை இருந்த காலம் அது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு டாம், டாப் என்ற குறியாக்கங்களை முன்வைத்தது. இணையத்தில் திஸ்கி என்ற குறியாக்கம் பரவியது. தமிழ் நூல்களை மின்னூலாக்க 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் திஸ்கியில் இருந்த நூல்களை இன்றைய பொதுக் குறியாக்கமான யூனிகோடுக்கு மாற்ற வேண்டியிருந்தது. எழுத்துரு மாற்றி மென்பொருளில் பழைய எழுத்துருவின் சரியான பெயரைத் தேர்ந்தெடுத்தால் பேரனின் கோப்பும் நொடியில் தமிழாகும்.

தவறி அழித்த கோப்பு வேறு கதை. வன்தட்டில் முதலில் அழிவது முகவரிதான். அந்த இடத்தின்மேல் வேறு எதையும் எழுதாதவரை உள்ளடக்கம் கிடக்கும். ஆகவே உடனே பயன்பாட்டை நிறுத்துங்கள், மீட்பு மென்பொருளையும் அதே தட்டில் நிறுவாதீர்கள். புதிய எஸ்எஸ்டி-களில் இந்த அவகாசம் மிகக் குறைவு.

உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்படியொரு சிடி இருக்கலாம். அது படிக்கக்கூடியதாக இருக்கும்போதே திறந்து, யூனிகோடுக்கு மாற்றி, ஒரு பிரதியை வேறொரு வீட்டில் வையுங்கள்.