அரசு வழங்கும் கைத்தொலைபேசியும் ஊழியரின் அந்தரங்கமும்: அமெரிக்க வழக்கு ஒன்றை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

அரசு அலுவலகத்தின் மேசைத் தொலைபேசி அம்மேசையை விட்டு நகர்வதில்லை. அலுவலகம் மூடப்பட்டதும் அதன் பயன்பாடும் நின்றுவிடுகிறது. கைத்தொலைபேசியோ ஊழியருடன் வீட்டிற்குச் செல்கிறது. உணவு மேசையிலும் படுக்கையறையிலும் உடனிருக்கிறது. கருவி அரசினுடையது, அதற்கான கட்டணம் பொதுமக்களின் வரிப்பணத்தினின்று செலுத்தப்படுவது. ஆயினும், அதன்வழிச் செல்லும் சொற்களில் ஒரு பகுதி ஊழியரின் சொந்த வாழ்க்கையைச் சார்ந்ததாகிவிடுகிறது. அச்சொற்களைப் படித்துப் பார்க்கும் உரிமை அரசுக்கு உண்டா என்னும் வினாவுக்கு அமெரிக்க நாட்டின் சட்டங்களும் நீதிமன்றங்களும் அளித்த விடைகளை இக்கட்டுரையில் காண்போம்.

1. விதிகளின் அடிப்படை

அமெரிக்க நடுவணரசு ஊழியர்களுக்கான ஒழுக்க விதிகள், அரசுடைமையைக் காப்பது ஊழியரின் கடமை என்றும், அனுமதிக்கப்பட்ட நோக்கங்களுக்கன்றிப் பிறவற்றிற்கு அதனைப் பயன்படுத்தலாகாது என்றும் கூறுகின்றன. இவ்விதியைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றினால், பள்ளியிலிருக்கும் பிள்ளையின் உடல்நலத்தைக் கேட்டறிவதும் குற்றமாகிவிடும். இந்நடைமுறைச் சிக்கலை உணர்ந்தே, 1999ஆம் ஆண்டில் நடுவணரசுத் துறைகளுக்கென ஒரு மாதிரிக் கொள்கை வகுக்கப்பட்டது. அரசுக்கு ஏற்படும் கூடுதல் செலவு மிகக் குறைவாக இருத்தல், பணிக்கு இடையூறு நேராதிருத்தல் ஆகிய வரம்புகளுக்குள் சொந்தப் பயன்பாட்டை அனுமதிக்கலாம் என்பதே அதன் சாரம். ‘வரையறுக்கப்பட்ட சொந்தப் பயன்பாடு’ என்னும் கருத்து இவ்வாறு நிலைபெற்றது.

எனினும், பயன்படுத்த அனுமதித்தல் வேறு. பயன்படுத்தியதைப் பாராமல் விடுதல் வேறு. இவ்வேறுபாட்டை வெளிச்சத்திற்குக் கொண்டுவந்தது ‘ஒன்டாரியோ நகரம் எதிர் குவான்’ என்னும் வழக்காகும்.

2. வழக்கின் பின்னணி

கலிபோர்னியா மாநிலத்தின் ஒன்டாரியோ நகர நிர்வாகம், 2001ஆம் ஆண்டு அக்டோபரில் குறுஞ்செய்தி அனுப்பவும் பெறவும் வல்ல 20 பேஜர்களை வாங்கியது. நெருக்கடி வேளைகளில் விரைந்து திரள்வதற்காகச் சிறப்புக் காவற்படையினர்க்கு அவை வழங்கப்பட்டன. ஒவ்வொரு பேஜருக்கும் மாதந்தோறும் குறிப்பிட்ட அளவு எழுத்துகளே ஒதுக்கப்பட்டிருந்தன; அவ்வளவைக் கடந்தால் கூடுதல் கட்டணம் செலுத்த வேண்டும்.

நகரத்தின் கணினிப் பயன்பாட்டுக் கொள்கை, ஊழியர்கள் அந்தரங்கத்தை எதிர்பார்க்கலாகாது எனத் தெளிவாகவே கூறியிருந்தது. ஆயின், அதில் பேஜர் பற்றிய குறிப்பு இல்லை. மேலும், நகரத்தின் மின்னஞ்சல் நகரத்தின் சொந்தக் கணினிகளின் வழியே சென்றது. பேஜர்ச் செய்திகளோ தனியார் நிறுவனத்தின் வலையமைப்பின் வழியே சென்று அங்கேயே சேமிக்கப்பட்டன. 2002 ஏப்ரலில் பேஜர்ச் செய்திகளும் மின்னஞ்சலாகவே கருதப்படும் என்று கூட்டமொன்றில் வாய்மொழியாகவும் பின்னர்க் குறிப்பாணை வழியாகவும் அறிவிக்கப்பட்டது.

இதன்பின்னரே சிக்கல் தோன்றியது. அளவைக் கடந்து செய்தி அனுப்பிய அதிகாரி ஒருவரிடம், பேஜர் ஒப்பந்தத்தைக் கவனித்துவந்த மேலதிகாரி, கூடுதல் கட்டணத்தை அவரே செலுத்திவிட்டால் செய்திகளைத் தணிக்கை செய்யத் தேவையிராது என்னும் பொருள்படக் கூறினார். அவ்வதிகாரியும் அளவைக் கடந்த மாதங்களில் பணம் செலுத்திவந்தார். சில மாதங்களில், இவ்வாறு பணம் வசூலிப்பதில் மேலதிகாரி சலிப்புற்றார். ஒதுக்கப்பட்ட அளவு பணிக்குப் போதவில்லையா, அன்றிச் சொந்தச் செய்திகளால்தான் அளவு மீறப்படுகிறதா என்பதை அறிய, காவல்துறைத் தலைவர் இரண்டு மாதச் செய்திகளை நிறுவனத்திடமிருந்து பெறச் செய்தார்.

ஆகஸ்டு 2002இல் அவர் பணிநேரத்தில் அனுப்பியும் பெற்றும் இருந்த செய்திகள் 456. அவற்றுள் பணி தொடர்பானவை 57க்கு மேற்படவில்லை. மிகவும் அந்தரங்கமான செய்திகளும் அவற்றிடையே இருந்தன. தம் சொற்கள் படிக்கப்பட்டதை எதிர்த்து அவர் வழக்குத் தொடுத்தார். அவரோடு செய்தி பரிமாறிக்கொண்ட சிலரும் வழக்கில் இணைந்தனர்.

3. நீதிமன்றங்களின் பார்வை

அமெரிக்க அரசமைப்பின் நான்காம் திருத்தம், நியாயமற்ற சோதனையினின்று மக்களைக் காக்கிறது. அரசுப் பணியில் சேர்ந்ததனால் மட்டுமே ஒருவர் இவ்வுரிமையை இழந்துவிடுவதில்லை என்னும் நிலைப்பாடு, அரசு மருத்துவர் ஒருவரின் அலுவலக அறை சோதனையிடப்பட்டது தொடர்பான 1987ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே காணப்படுகிறது. ஆயினும், பணி சார்ந்த காரணத்திற்காக மேலாளர் செய்யும் சோதனைக்கு நீதிமன்ற ஆணை வேண்டுவதில்லை. அது நியாயமானதாக இருந்தாற் போதும்.

குவான் வழக்கில், எழுத்து அளவை ஆராய்வதே சோதனையின் நோக்கம் என நடுவர் குழு முடிவு செய்தது, நகரம் வென்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் இதனை மாற்றியது. முன்கூட்டி எச்சரித்தல், ஊழியரையே கணக்கிடச் செய்தல் முதலிய மென்மையான வழிகள் இருந்தனவே என்பது அதன் வாதம். 2010 ஜூன் 17ஆம் நாள் உச்சநீதிமன்றம், நீதிபதி கென்னடி எழுதிய தீர்ப்பின்வழி, மீண்டும் நகரத்தின் சார்பாகவே முடிவு செய்தது. சோதனைக்குப் பணி சார்ந்த நியாயமான காரணம் இருந்தது. இரு மாதங்களே பார்க்கப்பட்டன. உள்விசாரணையில் பணிநேரத்திற்குப் புறம்பான செய்திகள் மறைக்கப்பட்டன. ஆகவே சோதனை எல்லை மீறவில்லை என்றது. ஆகக் குறைந்த ஊடுருவல் உள்ள வழியையே அரசு தேர்ந்தெடுக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை என்றும் கூறியது.

ஈண்டு ஒன்றைக் கருதுதல் வேண்டும். கட்டணத்தைச் செலுத்திய அவ்வதிகாரி அந்தரங்கத்தையும் விலைக்கு வாங்கிவிட்டாரா? மேலதிகாரியின் வாய்மொழி, எழுதப்பட்ட கொள்கையை மாற்றவல்லதா? இவ்வினாக்களுக்கு உச்சநீதிமன்றம் விடை பகரவில்லை. அந்தரங்க எதிர்பார்ப்பு அவருக்கு இருந்ததென வாதத்திற்காக ஏற்றுக்கொண்டு, சோதனை நியாயமானதே என்று முடித்துவிட்டது. வளர்ந்துவரும் தொழில்நுட்பத்தின் இடம் சமுதாயத்தில் தெளிவடையுமுன் பொதுவிதி வகுத்தல் தவறாகலாம் என்பதே அதன் எச்சரிக்கை.

4. வரியும் பொதுப் பதிவும்

கைத்தொலைபேசியை அமெரிக்க வரிச்சட்டமும் நெடுங்காலம் ஐயத்தோடு நோக்கியது. 1989ஆம் ஆண்டில் அது தனிக்கவனத்திற்குரிய உடைமைகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பணிக்கான பயன்பாட்டை விரிவான பதிவுகளால் மெய்ப்பிக்காவிடில், ஊழியர் பெற்ற நலன் ஊதியமாகவே கருதப்படும் நிலை இருந்தது. கருவி அரிதாகவும் கட்டணம் மிகுந்தும் இருந்த காலத்தின் சட்டம் அது. 2010இல் அப்பட்டியலினின்று கைத்தொலைபேசி நீக்கப்பட்டது. பணித் தேவைக்காக வழங்கப்பட்ட கருவியின் சொந்தப் பயன்பாட்டிற்கு வரி விதிக்கப்படாது என 2011இல் வரித்துறை அறிவித்தது.

இதன் மறுபக்கமும் உண்டு. அரசுக் கருவியில் சொந்தப் பேச்சு நுழைவதைப்போல, சொந்தக் கருவியில் அரசுப் பணியும் நுழைகிறது. சொந்தக் கைத்தொலைபேசியில் பணி தொடர்பாக எழுதப்பட்ட செய்திகளும் பொதுப் பதிவாகலாம் என வாஷிங்டன் மாநில உச்சநீதிமன்றம் 2015இலும், கலிபோர்னிய உச்சநீதிமன்றம் 2017இலும் தீர்ப்பளித்தன. எனவே, கருவி யாருடையது என்பதைக் காட்டிலும் செய்தி எதைப் பற்றியது என்பதே முதன்மை பெறுகிறது எனலாம்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, அரசு வழங்கிய கருவியில் முழுமையான அந்தரங்கத்தை எதிர்பார்த்தல் தகாது. இரண்டாவது, அரசும் காரணமின்றித் துருவிப் பார்த்தல் ஆகாது. நோக்கமும் அளவும் வரையறைக்கு உட்பட வேண்டும். மூன்றாவது, எழுதப்பட்ட கொள்கை ஒன்றும் வாய்மொழி வழக்கம் வேறொன்றுமாக இருக்கும் அலுவலகத்தில் இரு தரப்பினருக்கும் பாதுகாப்பில்லை. சலுகை காட்ட எண்ணிய மேலதிகாரியின் நல்லெண்ணமே ஒன்டாரியோவில் பல்லாண்டு நீடித்த வழக்கிற்கு வித்தாயிற்று.

ஊழியரின் கையில் கருவியைக் கொடுக்கும் நாளிலேயே அதன் விதியையும் எழுத்து வடிவில் கொடுத்தல் வேண்டும். அவ்விதி மாறுமாயின் அம்மாற்றத்தையும் எழுத்தில் தருதல் வேண்டும். பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் நிறுவனக் கருவிகளைக் கையாளும் நமக்கும் இது பொருந்தும். அவற்றின் விதிகளைப் படித்தறிவதும், தெளிவில்லாவிடின் எழுத்துவழி விளக்கம் கேட்பதும் நம் கடமையாகும்.