கம்ப்யூட்டர் பெட்டி ஏன் இரைகிறது?



கூட்டமைப்பு அலுவலகங்களில் கணக்குப் பதியும் நம் பெண்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு: "பெட்டி மாவு மில் மாதிரி இரையுது அக்கா." வேலைதான் நடக்குதே என்று சிலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். சிலர் பயந்துபோய் புதுப் பெட்டிக்கே விலை விசாரிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். இரண்டுமே வேண்டாம். பெரும்பாலும் இது தூசி செய்யும் வேலைதான்.

மொத்தப் பெட்டியையும் நாம் சி.பி.யு. என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் சி.பி.யு. என்பது உள்ளே மதர்போர்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னச் சில்லு. வேலை செய்யும்போது அது சூடாகும். அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள, மெல்லிய அலுமினியத் தகடுகள் நெருக்கமாக அடுக்கிய ஹீட் சிங்க் அதன்மேல் இருக்கும். அதற்கும் மேலே ஒரு ஃபேன். பின்பக்கம் கரண்டு வயர் சொருகுகிற எஸ்.எம்.பி.எஸ். டப்பாவுக்குள் இன்னொரு ஃபேன். சில பெட்டிகளில் சூடான காற்றை வெளியே தள்ள மூன்றாவதும் உண்டு.

தகடுகளின் இடுக்கில் தூசி அடைத்தால் காற்று நுழையாது, சூடு இறங்காது. உடனே மதர்போர்டு ஃபேனை வேகமாகச் சுற்றவைக்கும். நாம் கேட்கும் இரைச்சல் அதுதான். தையல் மெஷினும் கம்ப்யூட்டரும் ஒரே அறையில் இருந்தால் கேட்கவே வேண்டாம், பஞ்சும் நூலும் கம்பளி மாதிரி போர்த்திவிடும். சூடு அளவு மீறினால் கம்ப்யூட்டர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைந்துவிடும். இருபது குழுக்களின் கடன் வசூலைப் பதிந்துகொண்டிருக்கும்போது அப்படி ஆனால், சேவ் பண்ணாதது எல்லாம் போச்சு.

சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். 'உஸ்' என்று காற்று இரைந்தால் தூசியும் சூடும். 'டிக் டிக்' என்று இடைவிடாமல் தட்டினால் உள்ளே ஏதோ ஒரு வயர் ஃபேன் இறக்கையில் படுகிறது, ஒதுக்கிக் கட்டினால் போதும். 'கரகர' என்று அரைத்தால், அதிலும் காலையில் போட்டதும் அதிகமாக இருந்து பிறகு குறைந்தால், ஃபேனின் பேரிங் தேய்ந்திருக்கும். இன்னொன்றும் உண்டு. பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'களுக், களுக்' என்று வந்தால், அது ஃபேனே இல்லை. வேறு எதையும் தொடாமல் முதலில் கணக்குகளைப் பென் டிரைவில் நகல் எடுங்கள். ஃபேன் போனால் புதுசு வாங்கலாம், உறுப்பினர்களின் சேமிப்புக் கணக்கைக் கடையில் வாங்க முடியாது.

வாரண்டி இருந்தால் நாமே திறக்க வேண்டாம். இல்லையென்றால், நகல் எடுத்த பிறகு ஷட் டவுன் செய்து பிளக்கைப் பிடுங்குங்கள். யு.பி.எஸ். வயரையும் பிடுங்க வேண்டும், பல பேர் அதை மறந்துவிடுவார்கள். பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் மிச்சமுள்ள மின்சாரம் இறங்கும். பெட்டியை வராந்தாவுக்குத் தூக்கி வந்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, பின்பக்க ஸ்க்ரூவைக் கழற்றிப் பக்கத் தகட்டை எடுங்கள். முதலில் பெட்டியின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு, காய்ந்த மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். புளோயர் வைத்தால் இறக்கை சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். ஈரத்துணி கூடவே கூடாது.

ஹீட் சிங்க்கைக் கழற்ற வேண்டாம். கழற்றினால் அடியில் உள்ள பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதுசாகத் தடவ வேண்டும், அது தெரிந்தவர் செய்கிற வேலை. எஸ்.எம்.பி.எஸ். டப்பாவையோ எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம். வெளியே தெரியும் கம்பி வலையைத் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தேங்காய் எண்ணெய் விடலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம் அம்மா! அது தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். சத்தம் போகட்டும் என்று ஃபேன் வயரைப் பிடுங்கி வைப்பது அதைவிட மோசம்.

பேரிங் தேய்ந்திருந்தால் ஃபேனை மட்டும் மாற்றலாம். 80, 92, 120 மில்லிமீட்டர் என்று அளவுகள் உண்டு, ஆகவே பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். சி.பி.யு. ஃபேன் என்றால் மதர்போர்டுக்குப் பொருந்துகிறதா என்றும் கேட்க வேண்டும். "மொத்தமாக மாத்திடுங்க" என்று கடைக்காரர் சொன்னால், எந்த ஃபேன் சத்தம் போடுகிறது என்று காட்டச் சொல்லுங்கள். காட்டாதவரிடம் பணத்தை எடுக்காதீர்கள்.

பெட்டியைத் தரையில் வைக்காமல் ஒரு முக்காலியில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். அழகுக்குப் போடும் துணி உறையை ஓடும்போது எடுத்துவிடுங்கள். சுத்தம் செய்து ஸ்விட்ச் போட்டதும், கை வைக்காமல், ஃபேன்கள் எல்லாம் சுற்றுகின்றனவா என்று பார்த்து, மறுபடி அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பக்கத் தகட்டை மாட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். தையல் யூனிட் பக்கத்தில் இருந்தால் மாதம் ஒருமுறை.