சாட்சியம் சொல்லும் சமூகம்



‘நிலைமாறுகால நீதி’ என்ற சொற்றொடரை நீங்கள் செய்திகளில் கேட்டிருப்பீர்கள். 2015 ஆம் ஆண்டு ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவை நிறைவேற்றிய தீர்மானத்திற்கு இலங்கை அரசும் இணை அனுசரணை வழங்கியது. அக்காலத்திலேயே இச்சொல் நமது நாட்டில் பரவலானது. 2020 இல் அரசு அந்த அனுசரணையிலிருந்து விலகிக்கொண்டது. சொல் மாத்திரம் தங்கிவிட்டது. யுத்தத்திலிருந்து மீளும் நாடு நடந்த உண்மையைக் கண்டறிவதும், குற்றமிழைத்தோரை நீதியின் முன் நிறுத்துவதும், இழந்தோருக்கு ஈடு செய்வதும், அக்கொடுமை மீண்டும் நிகழாதவாறு ஏற்பாடுகள் செய்வதும் இதில் அடங்கும்.

இவையெல்லாம் அரசின் கடமைகளல்லவா, பள்ளிவாசல் ஜமாஅத்துக்கும் ஊர்ச் சங்கத்துக்கும் இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அரசின் கடமைகள்தாம். ஆயினும் அரசு அசையாதபோது மக்கள் என்ன செய்வது என்பதே கேள்வி.

ஹில்ஃபுல் ஃபுழூல் பற்றி மத்ரஸாவில் படித்திருப்பீர்கள். யெமன் தேசத்து வியாபாரி ஒருவர் மக்காவுக்குக் கொண்டுவந்த சரக்கை ஆஸ் இப்னு வாஇல் வாங்கிக்கொண்டு பணம் கொடுக்க மறுத்தார். அநீதியிழைத்தவர் செல்வாக்குள்ளவர், முறையிட்டவர் அந்நியர். அங்கே நீதிமன்றம் என்று ஒன்று இருக்கவில்லை. குறைஷிக் குலத்தாரில் சிலர் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் வீட்டில் கூடி, அநீதியிழைக்கப்பட்டவர் யாராயினும் அவருக்காக ஒன்றுபட்டு நிற்பதாக உடன்படிக்கை செய்தனர். வியாபாரிக்கு அவருடைய பொருள் கிடைத்தது. நபித்துவத்துக்கு முன்னர் அதில் கலந்துகொண்ட நபி (ஸல்) அவர்கள், இஸ்லாம் வந்த பின்னரும் அத்தகைய உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் தாம் செல்வதாகக் கூறினார்கள். இன்று நாம் சிவில் சமூகம் என்று அழைப்பதன் இலக்கணம் இச்சம்பவத்திலேயே இருக்கிறது.

இப்போது நமது நாட்டுக்கு வருவோம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். மாதத்தின் நடுப்பகுதியில் சாவகச்சேரியிலிருந்தும், அதன் இறுதி வாரத்தில் மன்னாரிலிருந்தும் மக்கள் விரட்டப்பட்டனர். ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணித்தியாலங்களில் வெளியேறுமாறு கட்டளையிடப்பட்டனர். நகைகளும் காணி உறுதிகளும் வழியிலேயே பறிக்கப்பட்டன. ஏறத்தாழ 75,000 பேர் இவ்வாறு விரட்டப்பட்டதாகப் பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. அவர்களில் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்தின் முகாம்களில் ஓலைக் குடிசைகளில் தஞ்சமடைந்தனர். அங்கே பிறந்த பிள்ளைகள் இன்று பிள்ளைகளைப் பெற்றவர்கள்.

இவ்வளவு பெரிய அநீதியை மாத்திரம் விசாரிப்பதற்கென அரசு ஓர் ஆணைக்குழுவை அமைக்கவில்லை. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011 அறிக்கையில் வடக்கு முஸ்லிம்களைப் பற்றிப் பேசியது உண்மையே. ஆனால் முழு யுத்தத்தின் பேரேட்டில் அது சில பக்கங்கள்தாம். அந்த வெற்றிடத்தை நிரப்ப முன்வந்தவர்கள் குடிமக்களே. சட்டம் மற்றும் சமூக அறக்கட்டளையின் முயற்சியில் 2009 இல் பிரஜைகள் ஆணைக்குழு ஒன்று அமைந்தது. அது பாதிக்கப்பட்டோரின் வாய்மொழியைக் கேட்டு, 2011 இல் தனது அறிக்கையை வெளியிட்டது. யாரையும் அழைப்பாணை விடுத்து வரவழைக்க அதற்கு அதிகாரம் கிடையாது. யாருக்கும் தண்டனை விதிக்கவும் இயலாது. எனினும் ஒரு தாய் தான் இழந்ததைச் சொல்ல, அதைச் செவிமடுத்து எழுதிக்கொள்ள ஒரு மேசை அங்கே இருந்தது. அது சிறிய காரியமா? நடந்ததே இல்லை என்று நாளை ஒருவர் சொல்ல முற்பட்டால், அவருக்கு முன்னால் வைக்க எழுத்து வடிவில் ஓர் ஆதாரம் இருக்கிறது.

அந்த ஆணைக்குழுவுக்கு முன்னரே இப்பணியில் இறங்கியவர்களுள் பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் குறிப்பிடத்தக்கவர். மன்னார் மண்ணின் மைந்தரான அவர், வடக்கு முஸ்லிம்கள் இழந்த வீடுகள், காணிகள், தொழில்கள் ஆகியவற்றைத் தொகைப்படுத்திப் பதிவு செய்தார். 2018 இல் அவர் காலமானார். அழுகையைவிடக் கணக்கு நீண்ட நாள் வாழும் என்பதை அவருடைய பணியில் காணலாம்.

வாசகர்களே, இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். நமக்கு நடந்ததை மாத்திரம் நினைவுகூர்ந்தால் அது புலம்பலாகும், நீதியாகாது. உங்களுக்கோ பெற்றோருக்கோ பாதகமாயினும் அல்லாஹ்வுக்காகச் சாட்சியம் கூறுங்கள் என்ற கருத்தில் அந்நிஸா அத்தியாயத்தின் 135 ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் சிந்தப்பட்ட இரத்தத்தை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். அது நமது உரிமை. அதே காலப்பகுதியில் கிழக்கின் தமிழ்க் கிராமங்களில் நடந்த வன்முறைகளில் முஸ்லிம் ஊர்காவல் படையினர் சிலர் சம்பந்தப்பட்டதை மனித உரிமைக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பின் அறிக்கைகள் பதிவு செய்திருக்கின்றன. நமது மேடைகளில் அதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. ஏன்?

மறுபக்கத்திலிருந்து சிலர் முதல் அடியை எடுத்து வைத்துவிட்டனர். 2012 ஜனவரியில் தமிழ்ப் புத்திஜீவிகளும் செயற்பாட்டாளர்களும் பலர் கையொப்பமிட்டுத் தமது சமூகத்துக்கே ஒரு வேண்டுகோள் விடுத்தனர். வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றத்தைக் கண்டிக்கவும், மீளத் திரும்புவோரை வரவேற்கவும் அது கேட்டுக்கொண்டது. தம்மவர்களை நோக்கிப் பேசுவதற்கு எதிரியை நோக்கிப் பேசுவதைவிட அதிக துணிவு வேண்டும். 1990 இல் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டவர்களுள் ஒருவரான ஷிரீன் சரூர், பின்னர் தமிழ், முஸ்லிம் பெண்களை ஒரே அமைப்பில் இணைத்து மன்னாரில் பணியாற்றியதையும் இங்கே சொல்லியாக வேண்டும். நமது சகோதரிகள் இவ்விடயத்தில் உலமாக்களாகிய எங்களை முந்திவிட்டனர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மக்களின் குரலைத் திரட்டும் முயற்சி 2016 இலும் நடந்தது. மனோரி முத்தெட்டுவேகம தலைமையில், சிவில் சமூகத்தைச் சேர்ந்த பதினொருவர் கொண்ட செயலணி நாடெங்கும் 7,306 சமர்ப்பிப்புகளைப் பெற்று, 2017 ஜனவரியில் அறிக்கையைக் கையளித்தது. அதன் பரிந்துரைகளில் பெரும்பாலானவை கிடப்பில் போடப்பட்டன.

மறதிக்குக் கொடுக்கும் விலை எத்தகையது என்பதைக் காணி விடயத்தில் பாருங்கள். இன்னொருவரின் காணியைப் பத்து ஆண்டுகள் இடையூறின்றி ஆண்டு அனுபவித்தவர் அதற்கு உரித்துக் கோரலாம் என்பது நமது நாட்டுச் சட்டம். விரட்டப்பட்டவர் திரும்பி வருவதற்கோ இருபது ஆண்டுகள் கடந்தன! இந்த அநியாயத்தைச் சீர்செய்ய 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே முதல் 2009 மே வரை பயங்கரவாதச் செயல்களால் தமது காணிக்காக வழக்குத் தொடர முடியாது போனவர்களுக்கு எதிராக அக்காலம் கணிக்கப்படாது என்றது. ஆனால் வழக்கிட இரண்டு வருட அவகாசமே தரப்பட்டது. சட்டம் வந்த செய்தி உரிய வேளையில் உரியவரின் காதுக்கு எட்ட வேண்டும். கையில் ஏதேனும் ஓர் ஆவணமும் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின்னர் ஐந்து நிமிட அறிவித்தலாலும், ஊர்ச் சங்கத்தில் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும் இரண்டு இளைஞர்களாலும் நிறைவேறக்கூடிய பணி இது.

பெற்றோர்களே, உங்கள் வீட்டில் 1990 ஐ நேரில் கண்ட உம்மும்மாவோ அப்பாவோ இருந்தால், அவர்களுக்கு இன்று எழுபது வயது தாண்டியிருக்கும். இளைஞர்களே, உங்கள் கையிலுள்ள தொலைபேசியிலேயே அவர்களின் குரலைப் பதிவு செய்யலாம். ஊரின் பெயர், வீட்டின் நான்கு எல்லைகள், அயல்வீட்டாரின் பெயர்கள், வெளியேறிய நாள், எடுத்து வந்தவை, விட்டு வந்தவை ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அப்போது உதவிய தமிழ் அயலவர் எவராவது இருந்தாரா என்றும் கேளுங்கள். இருந்தால் அவரையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய நிவாரண அட்டை, பாடசாலை விடுகைப் பத்திரம், காணி உறுதியின் கிழிந்த பிரதி எதுவாயினும் எறிந்துவிடாதீர்கள். உறுதி தொலைந்திருந்தால் இலக்கமோ நொத்தாரிசின் பெயரோ ஞாபகமிருக்கிறதா என்று கேளுங்கள். காணிப் பதிவகத்தில் தேடுவதற்கு அந்த ஒரு தகவலே பல வேளைகளில் போதுமானது.