அஸ்ஸூஃபி கண்ட விண்மீன் கொத்து

தொலைநோக்கி பிறவாத காலம். பாரசீக அறிஞர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி கி.பி. 964 அளவில் எழுதிய விண்மீன் நூலில், தென்வானில் மேகம்போல் மங்கிய ஓர் ஒளியைப் பதிவு செய்தார். பிரெஞ்சு அறிஞர் லக்காய் நன்னம்பிக்கை முனையிலிருந்து அதனை மீண்டும் கண்டது 1751-52-இல்தான்!

இன்று ஐ.சி. 2391 எனப்படும் அது, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்குமுன் ஒரே வாயு மேகத்தில் பிறந்த சிறு விண்மீன் கொத்து. தொலைவு ஏறத்தாழ 500 ஒளியாண்டுகள்.

பாரசீகத்தில் அது அடிவானத்தை ஒட்டியே தெரியும். நம் மண்ணூரிலோ சுமார் 24 பாகை உயரும். சுஹைல் எனும் அகத்திய விண்மீன் உச்சம் கடந்து இரண்டேகால் மணி நேரத்தில், அதே உயரத்திற்கு இது வரும்.

ஒரகடம் ஆலைகளின் விளக்கொளியில் அது மங்கிவிடும். மார்ச் மாதத்தில் இஷாவுக்குப்பின், பிள்ளைகளை இருளான ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்று தெற்கே காட்டுங்கள். முன்னோரின் பெயரை மட்டுமன்று, அவர் கண்டதையும் அவர்கள் காணட்டும்.