காட்சியும் காண்பானும்

விழி பழுதின்றியிருந்தும், மூளையின் பின்புறத்துள்ள முதன்மைப் பார்வைப் புறணி சிதைந்தவர்க்கு எதிரிலுள்ள பொருள் தோன்றுவதில்லை. ஆயினும், ஒளிப்புள்ளி இருக்குமிடத்தை ஊகித்துச் சுட்டப் பணித்தால், அவருள் சிலர் பெரும்பாலும் சரியாகவே சுட்டுகின்றனர். 'நான் ஒன்றும் காணவில்லை' என்றும் கூறுகின்றனர். 1974-இல் வைஸ்கிரான்ட்ஸ் முதலிய ஆய்வாளர் விளக்கிய இந்நிலைக்குக் 'குருட்டுப் பார்வை' என்று பெயர். வேறு நரம்புவழிகளால் கை இயங்குகிறது. காண்கிறேன் என்னும் அறிவு மட்டும் எழுவதில்லை.

விசிஷ்டாத்வைத ஸித்தாந்தத்தில், தர்மபூத ஞானம் இந்திரிய வாயிலாகப் பரவி விஷயத்தை விளக்குவது. கர்மத்தால் சங்கோச விகாசங்களை அடைவது. கரணம் பழுதுற்றால் அப்பரவுதல் தடைபடும் என்பது இங்கு முரணன்று. காட்சி மூளையைச் சார்ந்தது என்பதே இதனால் பெறப்படும். மூளையே அறிபவன் என்பது பெறப்படாது. 'காணவில்லை' என்பாரிடத்தும் 'நான்' என்பது மறையாமல் தானே விளங்குகிறதன்றோ!